மிகப் பழைய வரிக்கு எத்தனை வயது?

ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு சப்போர்ட்டில் இருக்கும் பெண் போன் செய்தாள். "அக்கா, ரிப்போர்ட் மெசேஜ் இன்னும் வரலைன்னு இது பதினோராவது போன். ஒரு தடவை பார்க்கிறீங்களா?" ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் அப்போது நான் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பிள் எடுத்து, மெஷினில் ஓட்டி, டாக்டர் கையெழுத்துப் போட்டதும் நோயாளியின் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், ரிப்போர்ட்டுக்கான லிங்க் அதில்தான் இருக்கும். லேப்டாப்பைத் திறந்து டாஷ்போர்டைப் பார்த்தேன். சிபியு 6 சதவீதம். மெமரியில் பிரச்சினை இல்லை. டிஸ்க் பாதிக்கு மேல் காலி. கனெக்ஷன் 100க்கு 31. ரெப்ளிகா, அதாவது மெயின் டேட்டாபேஸின் நகல், பின்தங்கவில்லை. எல்லாம் பச்சை. "இங்கே எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, எஸ்எம்எஸ் கேட்வே பக்கம் ஏதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டேன்.

அவள் மறுபடி போன் செய்தபோதுதான் டேபிளுக்குள் போய்ப் பார்த்தேன். மதியம் மூன்றரை மணியிலிருந்து ஒரு மெசேஜ்கூட வெளியே போகவில்லை. ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

நடந்தது இதுதான். மெசேஜ் அனுப்ப நான்கு வொர்க்கர்கள், அதாவது பின்னணி புரோகிராம்கள், ஓடிக்கொண்டிருந்தன. அனுப்ப வேண்டிய ஒவ்வொரு மெசேஜும் க்யூ டேபிளில் ஒரு வரி. ஒவ்வொரு வொர்க்கரும் அதில் இருக்கும் மிகப் பழைய பெண்டிங் (இன்னும் அனுப்பாத) வரியை 'ஃபார் அப்டேட்' போட்டுப் பூட்டி எடுக்கும், எஸ்எம்எஸ்ஸை வெளியே கொண்டுபோகும் சேவையான கேட்வேக்கு அனுப்பும், பதில் வந்ததும் நிலையை மாற்றி கமிட் செய்யும், அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தும். கேட்வேயைக் கூப்பிடும் இடத்தில் டைம்-அவுட் வைக்கவில்லை. மூன்றரை மணிக்கு ஒரு அழைப்புக்குப் பதிலே வரவில்லை. அந்த வொர்க்கர் வரியைப் பூட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மற்ற மூன்றும் அதே வரியைக் கேட்டு அதன் பின்னால் நின்றுவிட்டன. பூட்டியிருக்கும் வரியைத் தாண்டிப் போகச் சொல்லும் 'ஸ்கிப் லாக்டு' 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்தே எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் இருக்கிறது, எங்கள் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) அந்த இரண்டு சொற்கள் இல்லை. சிபியு 6 சதவீதமாக இருந்ததே வேலை நடக்காததால்தான். வழக்கமான சனிக்கிழமை மாலையில் அது 20ஐத் தொடும்.

கோளாறைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரம் எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் டேட்டாபேஸ் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்றரை மணிக்கு வந்த ஒரு வரி 'பெண்டிங்' என்று அங்கேயே இருந்தது, கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கும். கேட்க ஆள் வைக்கவில்லை.

கண்காணிப்புக் கருவியோடு ரெடிமேடாக வரும் மெட்ரிக்குகள், அதாவது அளவீட்டு எண்கள், எல்லாம் போஸ்ட்கிரஸ் என்கிற இயந்திரத்தைப் பற்றியவை. எத்தனை கனெக்ஷன், எத்தனை கமிட், கேஷில் எவ்வளவு கிடைத்தது, எத்தனை டெட்லாக் (ஒன்றுக்கொன்று பூட்டுக்காகக் காத்து முட்டிக்கொள்வது). இவை தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் எந்தக் கருவிக்கும் என் க்யூ டேபிளின் பெயர் தெரியாது, அதில் 'பெண்டிங்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாது, ஒரு ரிப்போர்ட் மெசேஜ் 15 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் யாரோ ஒருவர் பயந்துபோய் போன் செய்வார் என்று தெரியாது. அந்தக் கேள்வியை நாம்தான் ஒரு எஸ்கியூஎல் குவெரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கருவி அதை நேரத்துக்கு ஓட்டி, வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நாங்கள் மெட்ரிக்குகளைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸ் வைத்திருந்தோம், அதோடு டேட்டாபேஸிலிருந்து எண்களை எடுத்து அதற்குக் கொடுக்கும் போஸ்ட்கிரஸ் எக்ஸ்போர்ட்டர். அதில் சொந்தக் குவெரிகளை ஒரு யாமல் ஃபைலில் எழுதிக் கொடுக்கும் வசதி இருந்தது. அந்த வசதியை இப்போது கைவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்கியூஎல் எக்ஸ்போர்ட்டர் மாதிரி இதற்கென்றே இருக்கும் ஒன்றை எடுப்பது நல்லது. ஜாபிக்ஸ் வைத்திருப்பவர்கள் ஓடிபிசி வழியாகச் செய்யலாம், டெலிகிராஃபுக்கும் இதற்கென்று ஒரு பிளக்கின் உண்டு. கருவி எதுவானாலும் கீழே சொல்லும் கஷ்டங்கள் எல்லாம் ஒன்றுதான், ஏனென்றால் அவை குவெரியில் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் எழுதும் குவெரி 'எத்தனை வரி பெண்டிங்' என்பது. நானும் திங்கட்கிழமை காலையில் அதைத்தான் எழுதினேன். இரண்டு நாள் கிராஃபைப் பார்த்ததும் அது போதாது என்று தெரிந்துவிட்டது. காலை ஏழரைக்கு எல்லாக் கூடங்களும் ஒரே நேரத்தில் திறக்கும்போது 3,000 வரிகள் சேரும், பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். அது நல்ல நிலைமை. ராத்திரி பதினொன்றுக்கு 4 வரிகள் இருக்கும், நான்கும் ஒரு மணி நேரமாக நகராமல் நிற்கும். அது கெட்ட நிலைமை. எண்ணிக்கையை வைத்து எங்கே கோடு போடுவது? 3,000க்கு மேல் போட்டால் ராத்திரி தெரியாது, 4க்கு மேல் போட்டால் காலை முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

வயதைக் கேட்டால் இந்தக் குழப்பமே இல்லை. பெண்டிங்காக இருக்கும் வரிகளில் உருவான நேரம் மிகப் பழையதாக இருப்பதை எடு, அதை இப்போதைய நேரத்திலிருந்து கழி, வினாடிகளாக மாற்று. அவ்வளவுதான் குவெரி; மின் (மிகச் சிறியது), நவ் (இப்போது), எக்ஸ்ட்ராக்ட் எபோக் (வினாடிக் கணக்கு) மூன்றும் போதும். 900 வினாடிக்கு மேல் போனால் அலர்ட். காலை ஏழரைக்கும் ராத்திரி பதினொன்றுக்கும் ஒரே கோடு பொருந்துகிறது, ஏனென்றால் காத்திருக்கும் நோயாளிக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் பொருட்டு. இன்னொரு நல்ல விஷயம், அந்த சனிக்கிழமை மாதிரி வரி பூட்டப்பட்டிருந்தாலும் இந்தக் குவெரி காத்து நிற்காது. போஸ்ட்கிரஸில் வெறுமனே வாசிப்பவர், எழுதுபவரின் வரிப் பூட்டுக்காக நிற்க வேண்டியதில்லை. கடைசியாக கமிட் ஆன நிலை என்னவோ அது தெரியும், அதில் அந்த வரி பெண்டிங்தான்.

சரி, குவெரியை எழுதி எக்ஸ்போர்ட்டரில் போட்டு, கிராஃப் வரையும் கிராஃபனாவில் திறந்தேன். திரையில் வந்த எண்: மைனஸ் 19,788.

பதினைந்து வினாடி கழித்து மைனஸ் 19,791. ஒரு வரியின் வயது எப்படி மைனஸில் இருக்கும்? பக்கத்தில் இருந்த நண்பர், "கிரேட்டஸ்ட் போட்டு ஜீரோவுக்குக் கீழே போகாம வச்சிடுங்களேன்" என்றார். கை கீபோர்டுக்குப் போய்விட்டது. அப்போது அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். 19,800ஐ 3,600ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தரை. இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யுடிசிக்கும் உள்ள வித்தியாசம்.

க்யூ டேபிளை உருவாக்கியவர் உருவான நேரத்துக்கான நெடுவரிசையை டைம் ஜோன் இல்லாத டைம்ஸ்டாம்ப்பாக வைத்திருந்தார். அப்ளிகேஷன் இந்திய நேரத்தை எழுதியது. டேட்டாபேஸ் சர்வர் யுடிசியில் ஓடியது. ஆகவே டேட்டாபேஸைப் பொறுத்தவரை ஒவ்வொரு வரியும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் பிறந்திருக்கிறது, 12 வினாடி காத்திருக்கும் வரிக்கு வயது மைனஸ் 19,788. நண்பர் சொன்னபடி ஜீரோவில் நிறுத்தியிருந்தால் கிராஃப் அழகாகத் தட்டையாக இருந்திருக்கும், நாங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் உண்மையான வயது 20,700 வினாடியைத் தாண்டினால்தான் அந்த எண் 900ஐத் தாண்டும். அதாவது ஐந்தே முக்கால் மணி நேரம். மூன்றரைக்கு நின்ற க்யூவுக்கு இரவு ஒன்பதேகாலுக்கு அலர்ட் வந்திருக்கும், சப்போர்ட் போனைவிட முக்கால் மணி நேரம் தாமதமாக.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு மெட்ரிக் எழுதினால், வர முடியாத எண் வந்தால் அதை வெட்டுவதில்லை, அப்படியே விட்டுப் பார்ப்பேன். அப்புறம் கையால் ஒரு பொய் வரியை டெஸ்ட் சர்வரில் போட்டு, இருபது நிமிடம் காத்திருந்து, அலர்ட் போனில் வந்து அடிப்பதைக் காதால் கேட்டபிறகுதான் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வேன். குவெரிக்குள் இப்போதைக்கு 'அட் டைம் ஜோன் ஏஷியா கொல்கத்தா' என்று சேர்த்தோம். நெடுவரிசையின் வகையையே மாற்றுவது அடுத்த மாதம் நடந்தது.

அடுத்து வந்தது ஒன்றுமே இல்லாத நிலைமை. க்யூ காலியாக இருந்தால் மின் என்ன தரும்? 'நல்', அதாவது மதிப்பே இல்லை. சில எக்ஸ்போர்ட்டர்கள் நல்லை 'எண் அல்ல' என்று அனுப்பும், சில அந்த வரியையே விட்டுவிடும். எதுவானாலும் கிராஃபில் ஓட்டை விழும், அந்த ஓட்டை க்யூ காலி என்பதாலா, குவெரி உடைந்துபோனதாலா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால், நல் வந்தால் பதிலுக்கு வேறு மதிப்பைத் தரும் கோயலெஸ் போட்டு, காலியாக இருந்தால் ஜீரோ என்று தெளிவாகச் சொல்லும்படி செய்தேன். அப்புறம், அந்த மெட்ரிக்கே ஐந்து நிமிடம் வரவில்லை என்றால் அதற்குத் தனி அலர்ட். எஸ்எம்எஸ், மெயில், வாட்ஸ்அப் என்று வகை பிரித்து குரூப் பை போட்டபோது இதே பிரச்சினை வேறு உருவில் வந்தது: ஒரு வகையில் பெண்டிங்கே இல்லை என்றால் அந்த வகைக்கு வரியே திரும்பி வராது, கோயலெஸ்ஸுக்கு வேலையே இருக்காது. வகைகளின் பெயர்கள் இருக்கும் டேபிளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தால் எல்லா வகைக்கும் எப்போதும் ஒரு வரி வரும்.

அப்புறம் சாகாத வரிகள். எட்டு இலக்கத்தில் போன் நம்பர் பதிவான ஒருவருக்கு எஸ்எம்எஸ் போகவே போகாது. ஒவ்வொரு முறையும் தோற்று மறுபடி பெண்டிங்குக்கு வரும். அந்த ஒரு வரியால் வயது ஏறிக்கொண்டே போனது, அதன் நிழலில் உண்மையான தாமதம் எதுவும் தெரியவில்லை. ஐந்து முறை முயன்று தோற்றால் 'தோல்வி' என்று நிலை மாற்றச் சொல்லி டெவலப்பர்களிடம் கேட்டுச் செய்ய வைத்தோம், தோல்விகளுக்குத் தனி எண்ணிக்கை. மறுமுயற்சிக்கு நேரம் குறித்து வைத்திருக்கும் வரிகளில் உருவான நேரத்துக்குப் பதில் குறித்த நேரத்திலிருந்து வயதைக் கணக்கிட்டோம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து அனுப்பு என்று நாமே சொல்லி வைத்த வரிக்காக நாமே ராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

இப்போது செலவு. இதில்தான் பலர் சூடு பட்டுக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

15 வினாடிக்கு ஒரு முறை ஓடும் குவெரி ஒரு நாளைக்கு 5,760 முறை ஓடுகிறது. ஒன்று விழுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு ப்ரோமிதியஸ் வைத்திருந்தால் 11,520. எங்கள் க்யூ டேபிளில் பழைய வரிகளையும் சேர்த்து 4 கோடி வரிகள் இருந்தன. முதல் நாள் நான் எழுதிய கவுன்ட் குவெரி டேபிளை முழுக்கப் படித்தது, 11 வினாடி எடுத்தது. ப்ரோமிதியஸ் ஒரு எக்ஸ்போர்ட்டருக்காகக் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், 10 வினாடி. விளைவு: அந்த ஒரு குவெரியால் அந்த எக்ஸ்போர்ட்டரில் இருந்து வர வேண்டிய அத்தனை மெட்ரிக்கும் வராமல் போயின. கனெக்ஷன், டெட்லாக், ரெப்ளிகா எல்லாம். சனிக்கிழமை ஒன்று தெரியாமல் இருந்தது, திங்கட்கிழமை எதுவுமே தெரியவில்லை.

இதற்கு மருந்து பார்ஷியல் இண்டெக்ஸ். உருவான நேரத்தின் மேல் ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்), ஆனால் நிலை பெண்டிங்காக இருக்கும் வரிகளுக்கு மட்டும். 4 கோடி வரியில் எந்த நேரத்திலும் சில ஆயிரம்தான் பெண்டிங் என்பதால் அந்த இண்டெக்ஸ் மிகச் சின்னது. மிகப் பழையது வேண்டும் என்றால் அதன் முதல் முனையைத் தொட்டால் போதும். 11 வினாடி ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்தது. டேபிளில் மொத்தம் எத்தனை வரி என்ற எண்ணும் கிராஃபுக்கு வேண்டும் என்றால் எண்ணவே வேண்டாம், போஸ்ட்கிரஸின் சொந்த டேபிளான பிஜி கிளாஸில் ரெல்டப்பிள்ஸ் என்ற நெடுவரிசையில் உத்தேசக் கணக்கு இருக்கிறது, வளர்ச்சியைப் பார்க்க அது தாராளம். உண்மையிலேயே கனமான குவெரிகளை மணிக்கு ஒருமுறை ஓட்டி முடிவை ஒரு சின்ன டேபிளில் எழுதி வைத்து, எக்ஸ்போர்ட்டர் அந்த டேபிளை மட்டும் படிக்கும்படி செய்யலாம். எக்ஸ்போர்ட்டர்களிலேயே குறைந்தபட்ச இடைவெளி குறிக்கும் வசதியும் இருக்கிறது.

இண்டெக்ஸ் போட்டு நான்கு மாதம் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில், ஒரு மில்லிசெகண்டில் முடிந்த அதே குவெரி 400 மில்லிசெகண்டாக ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. வரிகள் அதிகமில்லை, க்யூவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரோ ஒருவர் மாதாந்திரக் கணக்குக்காக ஒரு பெரிய குவெரியை மெயின் சர்வரில் எட்டு மணிக்கு ஓட்டிவிட்டு முடியட்டும் என்று விட்டிருந்தார். அந்தக் குவெரியின் டிரான்சாக்ஷன் (ஒரே தொகுதியாக நடக்கும் வேலை) திறந்திருக்கும்வரை, அது தொடங்கிய பிறகு செத்த, அதாவது மாற்றப்பட்டோ அழிக்கப்பட்டோ பழையதாகிப்போன வரிகளை, துப்புரவு வேலையான வேக்யூமால் அகற்ற முடியாது. க்யூ டேபிள் என்பது வரிகள் பிறந்து, மாறி, செத்துக்கொண்டே இருக்கும் இடம். பெண்டிங் இண்டெக்ஸின் முதல் முனையில் மூன்று மணி நேரத்துப் பிணங்கள் குவிந்திருந்தன, உயிரோடு இருக்கும் முதல் வரியைத் தேடி குவெரி அவை எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. வொர்க்கர்களுக்கும் அதே கதிதான், இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் க்யூவே திணறத் தொடங்கியிருக்கும்.

அதனால் இரண்டு மெட்ரிக் சேர்த்தேன். ஒன்று, என் குவெரிகள் ஒவ்வொன்றும் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. அளக்கும் கோலையும் அளக்க வேண்டும். இன்னொன்று, இப்போது திறந்திருக்கும் டிரான்சாக்ஷன்களில் மிகப் பழையதன் வயது. இப்போதிருக்கும் கனெக்ஷன்களைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் எக்ஸ்ஆக்ட் ஸ்டார்ட் என்ற நெடுவரிசையில் மிகச் சிறியதை எடுத்து நவ்விலிருந்து கழித்தால் வந்துவிடும். கவனித்தீர்களா, இதுவும் வயதுதான். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில் (டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா) இருப்பவற்றை மட்டும் தனியாகவும் எடுக்கிறேன், அந்த சனிக்கிழமையின் முதல் வொர்க்கர் அந்த நிலையில்தான் ஐந்து மணி நேரம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. கண்காணிப்புக்கு என்று தனி டேட்டாபேஸ் யூசர் வைப்பது சரியான முறை, ஆனால் அந்த யூசருக்கு உரிமை இல்லாவிட்டால் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி எரர் தராது. மற்றவர்களின் வரிகளைக் காட்டும், அவற்றின் நிலை, தொடங்கிய நேரம் எல்லாவற்றையும் நல் ஆக்கிக் காட்டும். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன் எத்தனை' என்று கேட்டால் ஜீரோ என்று வரும். பொய் ஜீரோ. 10ஆம் பதிப்பிலிருந்து பிஜி மானிட்டர் என்று ஒரு ரோல் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் சூப்பர்யூசர் ஆக்காமலேயே எல்லாம் தெரியும். புது சர்வர் எழுப்பும்போது இதை மறப்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு.

நம் சொந்த டேபிள்களுக்கோ நேர் எதிர், எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எங்கள் க்யூவில் நோயாளியின் பெயர், போன் நம்பர், எந்தப் பரிசோதனை எல்லாம் இருந்தது. கண்காணிப்பு யூசருக்கு அதைப் படிக்க என்ன வேலை? தனி ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் தனி அறை மாதிரி) வியூக்களை, அதாவது பெயரிட்டுச் சேமித்த குவெரிகளை, வைத்தோம், ஒவ்வொரு வியூவும் எண்களை மட்டும் தரும், யூசருக்கு அந்த வியூக்களைப் படிக்க மட்டும் அனுமதி. இதில் இன்னொரு சௌகரியம், டேபிளின் அமைப்பை மாற்றும் டெவலப்பர் அதே மைக்ரேஷனில் வியூவையும் மாற்றிவிடுவார், எக்ஸ்போர்ட்டர் பக்கம் யாரும் தொட வேண்டாம். அந்த யூசருக்கு ஸ்டேட்மென்ட் டைம்-அவுட் 3 வினாடி, கனெக்ஷன் மூன்றுக்கு மேல் கிடையாது. யாராவது ஆல்டர் டேபிள் ஓட்டி டேபிளையே பூட்டும் நேரத்தில் நம் சாதாரண செலக்ட்டும் நிற்கத்தான் செய்யும், அப்போது இந்த 3 வினாடி காப்பாற்றும். மெட்ரிக்கோடு ஒட்டும் லேபிள்களில் நோயாளி ஐடி, போன் நம்பர் போன்றவற்றை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ரகசியம் ஒரு பக்கம், ஒவ்வொரு புது மதிப்புக்கும் ப்ரோமிதியஸ் ஒரு புதுத் தொடரைத் திறக்கும் என்பது இன்னொரு பக்கம். 60 கூடங்களின் குறியீடு, மூன்று வகை, 180 தொடர், அது தாங்கும்.

கவுன்டருக்கும் (ஏறிக்கொண்டே மட்டும் போகும் எண்) காஜுக்கும் (ஏறி இறங்கும் எண்) உள்ள வித்தியாசம் பாடப்புத்தகத்தில் எளிதாக இருக்கும், எஸ்கியூஎல்லில் இருந்து எடுக்கும்போது கொஞ்சம் சிக்கல். 'இதுவரை அனுப்பிய மெசேஜ்' என்று கவுன்ட் எடுத்து கவுன்டராகக் கொடுத்திருந்தோம். தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு கிராஃபில் வானளவு ஒரு ஊசி எழும்பும். அந்த நேரத்தில் யாரும் மெசேஜ் அனுப்புவதில்லை. கிளீனப் ஜாப் பழைய வரிகளை அழிக்கும் நேரம் அது. எண் குறைந்ததும், கவுன்டர் குறையாது என்று நம்பும் ப்ரோமிதியஸ், ஜீரோவிலிருந்து மறுபடி தொடங்கி இந்த அளவுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கோடிக்கணக்கான வரிகளையும் அந்த ஒரு நிமிடத்தில் அனுப்பியதாகக் கணக்குப் போட்டது. டேபிளை எண்ணி வரும் எண் எப்போதும் காஜ்தான். வேகம் வேண்டும் என்றால் 'கடந்த ஐந்து நிமிடத்தில் அனுப்பியவை' என்று குவெரியிலேயே கேட்டுவிடலாம்.

டேட்டாபேஸின் உள் நிலையைப் பற்றிய குவெரிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ரெடிமேட் மெட்ரிக்கில் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, டேட்டாபேஸ் ஒவ்வொன்றின் டேட் ஃப்ரோசன் எக்ஸ்ஐடியின் ஏஜ், அதாவது பழைய டிரான்சாக்ஷன் எண்களைச் சுத்தம் செய்யாமல் எத்தனை எண்கள் கடந்துவிட்டன என்பது. இது 20 கோடியைத் தொடும்போது ஆட்டோவேக்யூம் தானாகவே கிளம்ப வேண்டும், 210 கோடியை நெருங்கவிட்டால் டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். 50 கோடியில் அலர்ட் வைத்தால் யோசிக்க நேரம் இருக்கும். இரண்டு, ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா எதுவரை படித்தது என்ற குறிப்பு) ஒவ்வொன்றும் எத்தனை பைட் வால் ஃபைலை, அதாவது மாற்றங்களின் பதிவை, பிடித்து வைத்திருக்கிறது என்பது. யாரோ சோதனைக்கு உருவாக்கி மறந்துவிட்ட ஸ்லாட் டிஸ்க்கை நிரப்பும், 13ஆம் பதிப்பில் வந்த உச்சவரம்பும் நாமாக வைத்தால்தான் உண்டு. மூன்று, வரிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் சீக்வென்ஸ்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன. சாதாரண இன்டீஜர் 214,74,83,647இல் முடிந்துவிடும், அடுத்த இன்சர்ட் தோற்கும். இதில் சீக்வென்ஸின் சொந்த உச்சத்தை நம்பாதீர்கள். 10ஆம் பதிப்புக்கு முன் உருவான சீக்வென்ஸ்கள் எல்லாம் பிக்இன்ட் (இன்னும் பெரிய எண்கள் கொள்ளும் வகை), அது நிரப்பும் நெடுவரிசை இன்டீஜராக இருக்கலாம். நெடுவரிசையின் வகையோடு ஒப்பிட வேண்டும்.

ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று, கடைசியாக ரீப்ளே ஆன டிரான்சாக்ஷன் நேரத்தை நவ்விலிருந்து கழிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். மெயின் சர்வரில் யாரும் எதுவும் எழுதாத ராத்திரியில் அந்த எண் சும்மாவே ஏறும், ரெப்ளிகா ஒரு பைட்கூடப் பின்தங்கியிருக்காது. மெயின் சர்வரில் ஒரு சின்ன டேபிளில் பத்து வினாடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, ரெப்ளிகாவில் அதைப் படித்து வயது பாருங்கள்.

இப்போது சப்போர்ட் அறையில் ஒரு டிவி இருக்கிறது. அதில் மூன்றே எண்கள், எஸ்எம்எஸ், மெயில், வாட்ஸ்அப் ஒவ்வொன்றிலும் காத்திருக்கும் மிகப் பழைய ரிப்போர்ட்டின் வயது. சிபியு, மெமரி எதுவும் இல்லை. அந்தப் பெண்தான் கேட்டு வாங்கினாள், அது அவளுக்குப் புரியும் எண். போன் வந்தால் "இப்போ எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள போகுதுங்க, உங்க நம்பரைச் சரிபார்த்துடலாமா" என்று அவளாலேயே சொல்ல முடிகிறது.

போன வாரம் அவள் வேறொன்று கேட்டாள். "அக்கா, நாம அனுப்பிட்டோம்னு இது சொல்லுது. அவங்க போனுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு எங்கே பார்க்கிறது?" கேட்வே திருப்பி அனுப்பும் டெலிவரி ரசீதுகள் ஒரு டேபிளில் இரண்டு வருடமாக விழுந்துகொண்டிருக்கின்றன, யாரும் படித்ததில்லை. அனுப்பி 15 நிமிடம் ஆகியும் ரசீது வராதவற்றுக்கு நேற்று ஒரு வியூ எழுதினேன். முதல் எண் 212 என்று வந்தது. அதை நம்புவதற்கு முன் அந்த டேபிளின் நேர நெடுவரிசை என்ன வகை என்று பார்த்தேன். டைம் ஜோன் இல்லாத டைம்ஸ்டாம்ப். நாளைக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும்.